டார்ஷன் பாரை முறுக்கினால் முன்பக்கம் ஏன் இடிக்கிறது?

கேள்வி: என் பிக்-அப் டிரக்கின் முன்பக்கத்தை உயர்த்த டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் எஃகுக் கம்பி) போல்ட்டுகளை நன்றாக முறுக்கினேன். 60 மில்லிமீட்டர் ஏறியது. ஆனால் வேகத்தடையிலிருந்து இறங்கும்போதெல்லாம் ‘டங்’ என்று இடிக்கிறது. கோணம் மாற்றிச் செய்த டார்ஷன் கீ (பாரின் பின்முனையைப் பிடித்திருக்கும், போல்ட் தள்ளும் நெம்பு) வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தக் கீயும் உங்கள் போல்ட் செய்த அதே வேலையைத்தான் செய்யும்.

முறுக்க முறுக்க பார் வலுவாகிறது என்று பலர் நம்புகிறார்கள். வண்டியின் எடை மாறாதபோது பார் சுமக்கும் முறுக்கும் ஏறக்குறைய அதேதான். அதன் பின்முனை நிற்கும் கோணம் மட்டுமே மாறியிருக்கிறது. சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தை எடுத்து நீங்கள் உயரமாக்கிவிட்டீர்கள். பள்ளம் வந்ததும் இறங்க இடமில்லாமல், சக்கரத்தைச் சேஸிஸுடன் (வண்டியின் அடிச்சட்டத்துடன்) இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் தடுப்பு ரப்பரில் மோதுகிறது.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். போல்ட்டுகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, வண்டியைச் சற்று ஓட்டிவிட்டு, சமதளத்தில் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளவெடுங்கள். பிறகு சேஸிஸில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தொங்கும்வரை தூக்கி மறுபடி அளவெடுங்கள். வித்தியாசம் 80 மில்லிமீட்டர் என்றால், 60 உயர்த்திய பின் மிஞ்சுவது வெறும் 20. நானாக இருந்தால் அந்த 80-இல் பாதியைத் தொடவே மாட்டேன். 30 அல்லது 35 மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும். அதற்கு மேல் போனால் முன்சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டுகள் அதிகம் வளைந்த கோணத்தில் சுழன்று, அவற்றின் ரப்பர் உறை கிழியும். கன்ட்ரோல் ஆர்மின் முனையிலுள்ள பால் ஜாயின்ட்டும் (உருண்டை மூட்டு) சீக்கிரம் தேயும்.

முன்பக்கத்தில் வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று இயந்திரம்), இரும்பு பம்பர் என்று எடை கூடியிருந்தால் மட்டும் தடிமனான பார் பொருந்தும். விட்டம் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு சுமார் 46 சதவீதம் ஏறிவிடும் என்பதால் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

போல்ட்டைத் திருப்பும்முன் சக்கரத்தைத் தொங்கவிட்டு, சேஸிஸைத் தாங்கிகளில் நிறுத்தி, மரையில் கிரீஸ் தடவுங்கள். பாரையே கழற்றுவதானால் கீயைத் தளர்த்தும் கருவி கட்டாயம் வேண்டும். தேக்கிய முறுக்கு திடீரென விடுபட்டால் கையே போய்விடும். இடது பாரை வலப்பக்கம் மாட்டாதீர்கள். பாரின் மேல் சுத்தியலோ உளியோ படவே கூடாது, சிறு கீறலிலிருந்தே விரிசல் தொடங்கும்.

உயரத்தை அமைத்தபின் சில கிலோமீட்டர் ஓட்டி, இருபுறமும் மீண்டும் அளந்து சமப்படுத்துங்கள். அதன் பிறகே வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தல்). முகப்பு விளக்கையும் இறக்கி வையுங்கள், எதிரே வருபவரின் கண் கூசும்.