வட ஜப்பான் வசந்தப் பயணம்: இஎம்ஐ எடுப்பதா, ஃபண்டை விற்பதா?

கேள்வி: நானும் கல்லூரிக் கால நண்பர்கள் மூவரும் வரும் வசந்த காலத்தில் வட ஜப்பானுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். சென்டாய், ஹிரோசாகி, ஹகோடாடே ஆகிய ஊர்களில் செர்ரிப் பூக்களைப் பார்ப்பதே நோக்கம். ஒரு பயண முகவர் ஏப்ரல் 29 முதல் மே 8 வரையிலான பேக்கேஜுக்குத் தலைக்கு 2,40,000 ரூபாய் கேட்கிறார்; 12 மாத ‘வட்டியில்லா’ இஎம்ஐ வசதியும் உண்டு என்கிறார். என் கைக்கு வரும் சம்பளம் மாதம் 62,000 ரூபாய். செலவு 38,000, எஸ்ஐபி (ஃபண்டில் மாதந்தோறும் போடும் தொகை) 8,000. வங்கியில் 1,90,000 ரூபாயும் பங்குச் சந்தை சார்ந்த ஈக்விட்டி ஃபண்டில் 2,30,000 ரூபாயும் உள்ளன. புறப்பட இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இஎம்ஐ எடுப்பதா, ஃபண்டை விற்பதா? மொத்தச் செலவையும் தன் கிரெடிட் கார்டில் போட்டுவிட்டுப் பிறகு பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்வது சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் தேதியை மாற்றுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஏப்ரல் 29, மே 3, 4, 5 ஆகியவை ஜப்பானில் அரசு விடுமுறை நாள்கள். ‘கோல்டன் வீக்’ என்று அழைக்கப்படும் அந்த வாரத்தில் அந்நாட்டு மக்களே பெருந்திரளாகப் பயணம் செய்வதால் விடுதிக் கட்டணங்கள் ஏறிவிடும். வடக்கே செல்லும் ‘ஹயபுசா’ என்ற ஷின்கான்சென் (அதிவேக) ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உரியவை என்பதால் இடம் கிடைப்பதும் அரிது. இத்தனை விலை கொடுத்தும் பூ கிடைக்குமா என்பதுதான் கேள்வி. சென்டாயில் ஏப்ரல் நடுப்பகுதிக்குள்ளேயே மலர்ச்சி உச்சத்தைத் தொட்டுவிடும்; சுமார் 2,600 செர்ரி மரங்கள் உள்ள ஹிரோசாகிக் கோட்டைப் பூங்காவிலும் அண்மை ஆண்டுகளில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியே பூ உச்சத்துக்கு வந்துவிடுகிறது. முகவர் தரும் தேதிகளில் ஹகோடாடே ஒன்றுதான் ஓரளவு நம்பத்தக்கது. எனவே ஏப்ரல் 18 முதல் 26 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்டாயில் அப்போது உச்சம் கடந்திருக்கலாம்; ஆனால் ஹிரோசாகிக்கு அது ஏற்ற காலம். இரண்டு நாள் தாமதமானாலும் பெரிய இழப்பில்லை; ஹிரோசாகியின் அகழி முழுவதும் உதிர்ந்த இதழ்கள் மூடிக் கிடக்கும் காட்சியைக் காண்பதற்கென்றே செல்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். இஎம்ஐ மாதம் 20,000 ரூபாய். செலவும் எஸ்ஐபியும் போக உங்களிடம் மிஞ்சுவதோ 16,000. ஆகவே அந்த இஎம்ஐயை ஏற்றால் பயணம் முடிந்த பின்னும் எஸ்ஐபியைக் குறைக்க நேரிடும். மேலும், ‘வட்டியில்லா’ என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம்: ரொக்கமாகச் செலுத்துபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், செயலாக்கக் கட்டணமும், விலைக்குள் ஒளிந்திருக்கும் வட்டியின் மீதான 18% ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான் விழும். வெளிநாட்டு பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். விமான டிக்கெட்டையும் விடுதிகளையும் நீங்களே தனித்தனியாக முன்பதிவு செய்தால் இது பேக்கேஜ் ஆகாது.

ஃபண்டை விற்பதில் எனக்கு உள்ள தயக்கம் வரி பற்றியதன்று. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரியே இல்லை. நீண்ட கால நோக்கத்துக்குச் சேர்த்த பணத்தை ஒன்பது நாள் பயணத்துக்குக் கரைப்பதுதான் தவறு. தவிர, விசா விண்ணப்பத்துக்கு நால்வரும் அவரவர் வங்கிக் கணக்கு அறிக்கையைத் தர வேண்டியிருக்கும்; அதில் விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென ஒரு பெருந்தொகை வந்து விழுந்திருப்பது நல்ல தோற்றம் தராது.

வங்கியில் உள்ள தொகையில் நான்கு மாதச் செலவான 1,52,000 ரூபாயை அவசர நிதியாகத் தொடாமல் வைத்தால் 38,000 மிஞ்சும். ஆறு மாதம் 16,000 வீதம் தொடர் வைப்பிலோ, குறுகிய காலப் பணத்துக்கான லிக்விட் ஃபண்டிலோ சேர்த்தால் 96,000. ஆக, உங்கள் எல்லை 1,34,000 ரூபாய். இந்த எல்லைக்குள் ஹகோடாடே அடங்காது என்பதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன். டோக்கியோ, சென்டாய், ஆமோரி என்று நிறுத்திக்கொண்டு, சிறிய ஊரான ஹிரோசாகியில் அறை தேடி அலையாமல் ஆமோரியில் தங்கி ரயிலில் போய் வாருங்கள். எட்டு இரவுகளுக்கு இருவர் பகிரும் அறையில் உங்கள் பங்கு 44,000 யென், உணவு 32,000, ரயில் 40,000, பேருந்தும் நுழைவுக் கட்டணமும் 8,000 என மொத்தம் 1,24,000 யென். பாதுகாப்பாக 100 யென்னுக்கு 60 ரூபாய் என்று கொண்டால் 74,400 ரூபாய். விமானத்துக்கு 55,000, விசா, மருத்துவக் காப்பீடு, குளிருடை ஆகியவற்றுக்கு 10,000 சேர்த்தால் ஏறத்தாழ 1,39,400. குறையும் ஐயாயிரத்துச் சொச்சத்தை மாதச் செலவிலிருந்து மிச்சம் பிடித்துவிடலாம்.

ரயில் பாஸ் விஷயத்தில் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். நாடு முழுவதற்குமான 7 நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து சென்டாய்க்கும், அங்கிருந்து ஆமோரியின் ஷின்கான்சென் நிலையமான ஷின்-ஆமோரிக்கும் தலா 12,000 யென், நேரே திரும்பி வர 18,000 யென் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 42,000 யென்தான் ஆகிறது. ஆகவே அந்தப் பாஸ் உங்களுக்கு நஷ்டம். இந்த வழித்தடத்தில் ரயில் இயக்கும் ஜேஆர் ஈஸ்ட் நிறுவனத்தின் ஐந்து நாள் பாஸ் பொருந்தலாம்; ஆனால் அது தொடர்ச்சியான ஐந்து நாள்களுக்கானது என்பதால் நெடும்பயணங்கள் அனைத்தும் அதற்குள் அடங்குமாறு நாள்களை அமைத்துக்கொண்டு, அன்றைய விலையோடு ஒப்பிட்டபின் வாங்குங்கள்.

நண்பரின் கார்டு யோசனை நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். எனினும் பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5%, அதன் மீது ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.13%. நால்வரின் ஜப்பான் செலவும் ஏறத்தாழ மூன்று லட்சம் என்றால் 12,000 ரூபாய்க்கு மேல் இதிலேயே போய்விடும். அதைவிட, ஒருவர் பணம் தரத் தாமதித்தால் கார்டு வட்டி அந்த நண்பர் தலையில் ஏறும். ஒவ்வொருவரும் தனித்தனியே, முன்கூட்டியே யென் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டோ, இக்கட்டணம் இல்லாத கார்டோ வைத்துக்கொள்ளுங்கள். யென்னை ஒரே நாளில் வாங்காமல் மூன்று தவணைகளில் வாங்குங்கள். கடைகளில் ரூபாயில் கட்டணம் செலுத்தலாமா என்று இயந்திரம் கேட்டால் யென்னையே தேர்ந்தெடுங்கள். பேருந்து, டாக்ஸி போன்ற பொதுச் செலவுக்கு முதல் நாளே ஆளுக்குச் சம அளவு யென் ரொக்கமாகப் போட்டு ஒருவரிடம் ஒப்படையுங்கள். வடக்கின் சிற்றூர்களில் ரொக்கம் மட்டுமே செல்லுபடியாகும் இடங்கள் இன்னும் உண்டு.

முன்பதிவுக்கு முன் இன்னொன்றையும் பேசி முடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால், அவருடன் அறையைப் பகிரவிருந்தவர் முழு வாடகையையும் சுமக்க நேரும். குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பின் விலகுபவர், ரத்துசெய்ய முடியாத தன் பங்கைத் தானே ஏற்க வேண்டும் என்று நால்வரும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒப்புக்கொண்ட பிறகே முதல் டிக்கெட்டை வாங்குங்கள்.