வெளிநாடு போன டொக்டர்கள்

கேள்வி: மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் டொக்டர்கள் பலர் திரும்பி வருவதில்லையே, போகவிடாமல் தடுத்தால் என்ன? (வாசகர், வவுனியா)

பதில்: அந்தப் பயணமே படிப்பின் ஒரு பகுதி, எப்படித் தடுப்பது? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. முடித்தவர்களில் பெரும்பாலானோர், விசேட வைத்திய நிபுணராகச் சான்று பெறும் முன் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பயிற்சி எடுக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் தகுதியும் அதோடு கிடைத்துவிடுகிறது. 2022இல் ரூபாய் சரிந்து, மருந்துக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பி வராவிட்டால் கட்ட வேண்டிய பிணைப்பணம் இருக்கிறது, சரி, பவுணில் சம்பளம் வாங்குபவருக்கு அது பெரிய தடையா? இலவசக் கல்வியில் படித்தவர்கள் என்று உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மயக்க மருந்து நிபுணர் ஒருவர் வராவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனே தள்ளிப்போகிறது. அவர் வர நல்ல குவார்ட்டர்ஸும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட இடமும் முதலில் கொடுங்கள் என்றுதான் சுகாதார அமைச்சிடம் கேட்பேன்.