ஆண்டீஸ் மலையில் முதன்முறை நடக்க எந்தப் பள்ளத்தாக்கு ஏற்றது?

ஆண்டீஸ் மலைத்தொடரில் முதன்முறையாகப் பல நாள் நடைப்பயணம் செல்ல விரும்புபவர், பெருவில் மாச்சு பிச்சு இடிபாடுகளுக்குச் செல்லும் புகழ்பெற்ற இன்காப் பாதையைத் தவிர வேறு எங்கே செல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தயங்காமல் சொல்வது, பெரு நாட்டின் சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கைத்தான். சுமைதூக்குவோரையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேரை மட்டுமே இன்காப் பாதையில் அனுமதிக்கிறார்கள் என்பதால், அங்கே பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும். இங்கே அந்த நெருக்கடி இல்லை.

காஷாபம்பா என்ற சிற்றூரில் ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 4,750 மீட்டரில் உள்ள புந்தா உனியோன் கணவாயைக் கடந்து, மறுபுறப் பள்ளத்தாக்கு வழியாக வக்கெரியாவில் முடியும் இப்பாதையின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். நான் அதை நான்கு நாட்களில் நடந்தேன். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைந்த காலம்.

தூரத்தைவிட உயரம்தான் உங்களைச் சோதிக்கும். கடலோர நகரமான லிமாவில் இரவுப் பேருந்து ஏறி, விடிந்ததும், இப்பாதைக்குச் செல்வோர் தங்கும் மலைநகரமான, 3,050 மீட்டர் உயரத்தில் உள்ள ஹுவாராஸில் இறங்கிய எனக்கு, விடுதியின் மாடிப்படி ஏறுவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. மாலை வரை தலைவலி விடவில்லை. கணவாயிலோ, ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆகவே குறைந்தது மூன்று நாள் ஹுவாராஸில் தங்குங்கள். அதில் ஒரு நாள் 3,700 மீட்டரில் உள்ள வில்காகோச்சா ஏரிவரை ஏறி இறங்குங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால், உடனே கீழே இறங்குவதே மருந்து. கோகா இலைத் தேநீர் இதமாக இருக்கும், ஆனால் இறங்குவதற்கு அது மாற்றாகாது.

பலரும் கணவாயை எண்ணிக்கொண்டு பள்ளத்தாக்கை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டாம் நாள் இச்சிக்கோச்சா, ஹத்துன்கோச்சா என்ற இரு ஏரிகள் வரும். கெச்சுவா மொழியில் அவற்றின் பொருள் சின்ன ஏரி, பெரிய ஏரி. பெரிய ஏரியைத் தாண்டியதும் புல்வெளி மறைந்து, பாறைகள் சிதறிய மணல்வெளி தொடங்குகிறது. 2012 பிப்ரவரியில், பக்கப் பள்ளத்தாக்கில் பனியாறு விட்டுச்சென்ற கல்மண் மேடு சரிந்து ஓர் ஏரிக்குள் விழ, பொங்கி வழிந்த நீர் கீழேயிருந்த மற்றோர் ஏரியின் கரையையும் உடைத்துக்கொண்டு வந்து கொட்டிய மணல் அது. நடந்தால் கால் புதைகிறது. அதன் அருகே, ஆண்டீஸுக்கே உரிய கெனுவால் மரங்கள் நிற்கின்றன. செம்பழுப்பு நிறப் பட்டை தாள்தாளாக உரிந்து தொங்க, விரலால் தொட்டால் மெல்லிய காகிதத்தைப் போலச் சரசரக்கிறது.

மூன்றாம் நாள் விடியற்காலையில், கூடாரத்தின் மீது உறைந்திருந்த பனியை உதறிவிட்டுக் கிளம்பினோம். ஐம்பது அடி வைப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாக ஏறினால், கீழே தௌலிக்கோச்சா ஏரி நீலப்பச்சையாகத் தெரியும்; அதற்கு மேலே 5,830 மீட்டர் உயரத் தௌலிராஹு சிகரம் எழுந்து நிற்கும். கணவாய் என்பது பாறைச் சுவரில் உள்ள ஒரு குறுகிய வெட்டுதான். மேகம் காலையில் விலகியிருந்து பிற்பகலில் மூடிக்கொள்வதே வழக்கம் என்பதால், நண்பகலுக்கு முன் அங்கே சேர்ந்து, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, அரை மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள்.