வீட்டை மனைவி பேருக்கு மாற்றிவிட்டு ஐ.பி. (திவால் மனு) போடலாமா?

மதுரையில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: "பேங்க் கடன் 6 லட்சம், அதற்கு மச்சினன் ஜாமீன். புரோநோட்டும் செக்கும் கொடுத்து வெளியில் வாங்கியது 7 லட்சம். வில்லாபுரத்தில் என் பேரில் 9 லட்சம் மதிப்பில் ஒரு வீடு. வீட்டை மனைவிக்கு எழுதிவிட்டு, ஐ.பி. போட்டு மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு, ஒருத்தனும் கிட்ட வர முடியாது என்கிறார்கள். செய்யலாமா?"

செய்யாதீர்கள். முதலில் அந்த வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கெட்டுப்போனவர்கள்தான் அதிகம். மதுரையில் உங்களைப் போன்ற தனிநபருக்கு இன்றும் பொருந்துவது 1920-ம் வருட மாகாண திவால் சட்டம். 2016-ல் புதுச் சட்டம் வந்தது உண்மை, ஆனால் தனிநபர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அதை அமலாக்கியிருக்கிறார்கள். பழைய சட்டப்படி, நீங்கள் சொத்தை எழுதிக்கொடுத்த 2 வருடத்துக்குள் ஐ.பி. மனு தாக்கலாகி நீங்கள் திவாலானவர் என்று உத்தரவானால், பணம் வாங்காமல் மனைவிக்கு எழுதிய அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய ரிசீவர், அதாவது உங்கள் சொத்தைப் பொறுப்பெடுக்க கோர்ட் நியமிக்கும் ஆள், கேட்கலாம். கடன்காரர்களை ஏமாற்றத்தான் செய்தீர்கள் என்று நிரூபணமானால் ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. வீடும் போய், பேரும் போய், கேஸும் வந்து சேரும்.

சரி, வீட்டைத் தொடாமல் நேர்மையாகவே ஐ.பி. போட்டால் என்ன ஆகும்? உங்கள் பகுதிக்குரிய சப் கோர்ட்டில் மனு போடுகிறீர்கள், அங்கே கடனைக் கட்ட முடியாத நிலையைக் காட்ட வேண்டும், திவாலானவர் என்று உத்தரவு வந்ததும் உங்கள் சொத்து கோர்ட் அல்லது ரிசீவர் கைக்குப் போகிறது, அதை விற்று எல்லாருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள், அதன்பிறகு கோர்ட் அனுமதியில்லாமல் யாரும் அந்தக் கடனுக்காக உங்கள் மேல் புது வழக்குப் போட முடியாது. மனு கொடுத்த அன்றே எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். உத்தரவோடும் முடிவதில்லை, கோர்ட் குறிக்கும் காலத்துக்குள் கடனிலிருந்து விடுவிக்கக் கேட்டு விடுவிப்பு மனு போட வேண்டும், போடாவிட்டால் உத்தரவே ரத்தாகலாம். சொத்து, கடனில் ரூபாய்க்கு 50 பைசா அளவுக்குக்கூடத் தேறாவிட்டால், அந்த விடுவிப்பு கிடைக்க, அது உங்கள் தப்பால் வந்ததில்லை என்று கோர்ட்டை நம்பவைக்க வேண்டும்.

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், தாலி போன்றவற்றை எடுக்க மாட்டார்கள். தொழிலாளியின் கருவிகளுக்கும் விலக்கு உண்டு, உங்கள் மெஷினுக்கு அதைக் கேட்கலாம், ஆள் வைத்து ஓட்டும் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் கிடைக்குமா என்பது கோர்ட் முடிவு. குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் வீட்டு வேலையாளுக்கும்தான், கடை நடத்தும் உங்களுக்கு அது கிடைப்பது சிரமம்.

இதைவிட எனக்குக் கவலை உங்கள் மச்சினன். ஐ.பி.யில் நீங்கள் விடுபட்டாலும் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார், பேங்க் நேராக அவரிடம் போகும். செக்கும் அப்படித்தான், அது திரும்பி வந்து வழக்குப் போட்டிருந்தால் அது குற்ற வழக்கு, ஐ.பி. அதை நிறுத்தாது. அடமான நகை இருந்தால் அதன் மேல் பேங்குக்கு உள்ள உரிமையும் அப்படியே இருக்கும்.

ஆகவே உங்கள் கணக்கைப் பார்த்தால் ஐ.பி. இப்போது வேண்டாம் என்பேன். 13 லட்சத்துக்கு 9 லட்சம் வீடு இருக்கிறது. ஏலத்தில் போவதற்கு முன் நீங்களே நல்ல விலைக்கு விற்று, பேங்கிடம் ஒரே தவணை செட்டில்மெண்ட் எழுத்தில் கேளுங்கள், வெளிக்கடன்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்து விகிதப்படி பேசுங்கள். அதிகம் மிரட்டுகிறவருக்கு மட்டும் முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள், 3 மாதத்துக்குள் ஐ.பி. போட நேர்ந்தால் அதையும் ரத்து செய்யலாம்.

வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து கத்துகிறார், கந்துவட்டி கேட்கிறார் என்றால் 2003-ம் வருட கந்துவட்டித் தடைச் சட்டத்தில் போலீசில் புகார் கொடுங்கள், அதற்கு ஐ.பி. தேவையே இல்லை. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்டுப் பாருங்கள். போகும்போது சீட்டு, தண்டல், உறவுக்காரர் கைமாற்று என்று ஒன்றையும் விடாமல், யாருக்கு எவ்வளவு, எப்போது வாங்கியது, எவ்வளவு கட்டியிருக்கிறது என்று ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.