3டி பிரிண்ட் எலும்புக்குப் பணம் கட்டினேன், வைத்தது பொடியா?

திருமங்கலத்திலிருந்து 52 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

“கீழ்த்தாடையில் வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இம்பிளான்ட் (தாடையில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்க எலும்பு போதாது என்று மதுரையில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்து, என் தாடைக்கு அளவாக 3டி பிரிண்டரில் எலும்பு செய்து வைப்பதாக 1,40,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் மாதம் ஈறு பிரிந்து சீழ் வைத்தது. உள்ளே வைத்ததை எடுத்துவிட்டார்கள். கேட்டால், ‘உங்களுக்குச் சர்க்கரை, அதனால்தான்’ என்கிறார்கள். வேறொரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ‘இது பிரிண்ட் செய்த துண்டு மாதிரித் தெரியவில்லை, பொடி வைத்தது போல இருக்கிறது’ என்கிறார். பில்லில் ‘போன் கிராஃப்ட்’ (எலும்பு ஒட்டு) என்று மட்டும்தான் இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? போலீஸுக்குப் போகலாம் என்கிறான் மகன்.”

மகனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போலீஸ் இப்போதைக்கு வேண்டாம். மருத்துவர் மீது குற்ற வழக்கு என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சார்பில்லாத இன்னொரு மருத்துவரின் கருத்தையும் போலீஸ் முதலில் வாங்க வேண்டும். ஏமாற்று என்ற கோணம் ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் உங்கள் வாயில் வைத்தது என்ன என்று காகிதத்தில் தெரிந்தாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. வைத்த எலும்பு பிடிக்கவில்லை என்பது ஒன்று. சொன்னதை வைக்கவில்லை என்பது இன்னொன்று. முதலாவது பலவீனமானது. டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற கால்சியம் உப்பு போன்ற பொருளில் அச்சிட்ட துண்டு தானாக எலும்பு ஆகிவிடாது. அதன் துளைகளுக்குள் ரத்தக்குழாய்களும் உயிரணுக்களும் புகுந்து, பொருள் மெல்லக் கரைய, அந்த இடத்தில் எலும்பு வளர வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும். நடுவில் தையல் பிரிந்தாலோ கிருமி புகுந்தாலோ எல்லாம் போச்சு. நல்ல கைகளிலும் இது நடக்கிறது. ‘சிகிச்சை தோற்றது, ஆகவே அலட்சியம்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே பதில் போடுவார்.

இரண்டாவதில்தான் வலு இருக்கிறது. அளவெடுத்துத் தைத்துத் தருகிறேன் என்று கூலி வாங்கிக்கொண்டு ரெடிமேட் சட்டையைக் கொடுத்தால், சட்டை சேர்ந்ததா இல்லையா என்ற பேச்சே எழாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் தரம், அதில் சேர்ந்தவை பற்றித் தவறாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே சாந்தா வழக்கில் முடிந்த விஷயம்.

உண்மையிலேயே அச்சிட்டிருந்தால் தடம் இல்லாமல் போகாது. ஸ்கேன் கோப்பு யாரிடமோ போயிருக்கும், அவர் கம்ப்யூட்டரில் வடிவம் வரைந்திருப்பார், அச்சிட்டு, கிருமி நீக்கி, உறையில் போட்டு அனுப்பியிருப்பார், அதற்கு ஒரு பில்லும் இருக்கும். 2017 மருத்துவ சாதன விதிகளில், ஒரே ஒரு நோயாளிக்கென்று தனியாகச் செய்யும் சாதனத்துக்குப் பல கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு சும்மா கிடைப்பதில்லை: டாக்டர் தன் பொறுப்பில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், தனியாகச் செய்த சாதனம் என்று லேபிளில் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய எலும்புப் பொடி என்றால் டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். எது வைத்திருந்தாலும் ஒரு லேபிள் இருந்தாக வேண்டும்.

ஆகவே வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு மரியாதையான கடிதம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட், ஒப்புதல் படிவம், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களின் முழுக் கோப்பு (பிரிண்ட் அவுட் அல்ல, பென் டிரைவில்), வைத்த பொருளின் லேபிள், அச்சிட்ட லேபுக்கு டாக்டர் எழுதிய சீட்டு, லேப் கொடுத்த பில், இத்தனையும் கேளுங்கள். கொடுத்தால் உண்மை தெரியும். கொடுக்காவிட்டால் அந்த மௌனத்தையும் நுகர்வோர் ஆணையத்தில் சொல்லலாம். எடுத்த துண்டை உங்கள் கையில் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. எலும்புப் பொடிகளில் மாட்டெலும்பிலிருந்து செய்பவையும் பரவலாகப் புழக்கத்தில் உண்டு. நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. உங்களிடம் சொல்லாமல் அப்படி ஒன்றை வைத்திருந்தால், எனக்கு அது பணத்தைவிடப் பெரிய குற்றச்சாட்டாகத் தெரிகிறது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் இவற்றைப் போதுமான அளவு சொல்லாமல் வாங்கிய ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்பது சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் எந்த மொழியில் இருந்தது என்றும் பாருங்கள்.

இரண்டாவது டாக்டரின் பேச்சை அப்படியே நம்பி இறங்க வேண்டாம். பாலிகாப்ரோலாக்டோன் போன்ற, பிளாஸ்டிக் வகைப் பாலிமரில் அச்சிட்ட துண்டு ஸ்கேனில் சரியாகத் தெரியாது. தெரியவில்லை என்பதால் வைக்கவே இல்லை என்று ஆகிவிடாது. தவிர, ஒரே ஊரில் தொழில் செய்யும் டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராக எழுதித் தரத் தயங்குவார். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வாய், தாடை ஸ்கேன் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து அறிக்கை கேளுங்கள். யாரையும் குறை சொல்லச் சொல்லாதீர்கள். படத்தில் இருப்பதை எழுதித் தந்தால் போதும்.

சர்க்கரை விஷயத்தில் என்னிடம் மறைக்காதீர்கள். முன்பே சொன்னீர்களா? கேஸ் ஷீட்டில் குறித்திருக்கிறார்களா? அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா? நீங்கள் மறைத்திருந்தால் முதல் வழக்கு அநேகமாக முடிந்தது. அவர்கள் கேட்கவே இல்லை என்றால் கதை வேறு. ஆனால் எதை வைத்தார்கள் என்ற கேள்விக்குச் சர்க்கரை பதில் ஆகாது.

புகார் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வக்கீலான நான் இதைச் சொல்வது தொழிலுக்கு நஷ்டம், சரி போகட்டும். கட்டிய பணம், மறுசிகிச்சைச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, இவ்வளவு கேளுங்கள். கெடு இரண்டு வருஷம். எந்தத் தேதியிலிருந்து என்பதில் வாதம் வரும் என்பதால், அறுவை நடந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். ஆலோசனைக்கு 1915 என்ற உதவி எண் உண்டு.

அப்புறம், மறுபடி எலும்பு வைக்கச் சொன்னால், அதற்கு முன் வேறிடத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துக் கோப்பை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றை வைத்த பிறகு பழையதற்கு அங்கே சாட்சி இருக்காது.