தாத்தாவின் 470 ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா?

வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ரைஃபிளே அதற்கு இடம் கொடுக்காது.

தாத்தாவின் 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக் குழல் ரைஃபிள் லைசென்ஸோடு உங்கள் பெயருக்கு வந்துவிட்டது, பெங்களூரில் எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கவில்லை, அமெரிக்காவில் காலித் தோட்டாக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டு மேசையிலேயே நிரப்பிக்கொள்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். என் மாமா அல்சூரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். நான் அங்கேயே வளர்ந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

470 என்ற இந்தத் தோட்டா ரகம் பிறந்ததற்கே இந்தியாதான் காரணம். 1898இல் ரிக்பி கம்பெனி 450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. அதன் குண்டு பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவ ரைஃபிள்களுக்கும் பொருந்தும், கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்த பிரிட்டிஷ் அரசு 1907 வாக்கில் 450ஐ இங்கே தடை செய்தது. அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் 465, 470, 475 எல்லாம். 470இன் குண்டு 500 கிரெய்ன், அதாவது 32 கிராம். ராணுவ 303இன் குண்டு 174 கிரெய்ன்தான்.

இரட்டைக் குழல் ரைஃபிளில் இரண்டு குழலும் இணையாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. முனைப்பக்கம் போகப் போக இரண்டும் ஒன்றையொன்று லேசாக நெருங்கும். வலது குழலைச் சுட்டால், குண்டு வெளியே வருவதற்குள்ளேயே துப்பாக்கி மேல்நோக்கியும் வலப்பக்கமாகவும் உதைக்கும். இடது குழல் இடப்பக்கம். அந்த உதைப்பைச் சரிக்கட்டத்தான் இந்தச் சாய்வு. அந்தக் காலத்துக் கைவினைஞர், முனையில் இருக்கும் ஈயப்பற்றை உருக்கி, நடுவில் உள்ள ஆப்பை மயிரிழை நகர்த்தி, சுட்டுப் பார்த்து, மறுபடி உருக்கி, இரண்டு குழலின் குண்டும் ஒரே இடத்தில் விழும்வரை விடமாட்டார். அத்தனை உழைப்பும் ஒரே ஒரு தோட்டாவுக்காக: இந்த எடைக் குண்டு, நொடிக்குச் சுமார் 2150 அடி வேகம். வேகம் குறைந்தால் குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், இரண்டும் விலகி விழும். கூடினால் குறுக்கே போகும். அழுத்தம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கன்னம் அங்கேதான் இருக்கும்.

மாமா வாடிக்கையாளர்களுக்குக் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தை டார்ச் அடித்துக் காட்டுவார். அங்கே ‘கார்டைட்’ என்றும், எவ்வளவு மருந்து, எத்தனை கிரெய்ன் குண்டு என்றும் பொறித்திருக்கும். கார்டைட் என்பது அந்தக் காலத்து வெடிமருந்து; தூள் அல்ல, சேமியா மாதிரி நீள நீளமான இழை. நீலகிரி அருவங்காட்டில் 1904இல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரி பெயரை எல்லாருக்கும் தெரியும். இந்த மருந்துக்கு வெயில் ஆகாது; சூடேறினால் அழுத்தமும் ஏறும். அதனால் நம் பக்கத்துக்கு அளவைக் குறைத்த தனி ரகமே வந்தது. இன்றைய மருந்தின் குணம் வேறு, கிரெய்னுக்குக் கிரெய்ன் மாற்றிப் போட முடியாது. தவிர, அவ்வளவு பெரிய கூட்டுக்குள் மருந்து குறைந்தால் காலி இடம் வரும், தீ ஒரே சீராகப் பிடிக்காது. 1960களில் கைனாக் என்ற பிரிட்டிஷ் தோட்டா கம்பெனி இந்தத் தோட்டாக்களை நிறுத்திய பிறகு வெளிநாட்டில் பலர் வேறு வழியில்லாமல் நிரப்பக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு வேகம் அளக்கும் கருவியும் மருந்து கம்பெனியின் அட்டவணையும் உண்டு, அங்கே சட்டமும் தடுக்கவில்லை.

இங்கே தடுக்கிறது. ஆயுதச் சட்டம் 1959இன் 5ஆம் பிரிவுப்படி, தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ். தோட்டாவின் பாகங்களும், தயாரிக்கும் இயந்திரமும்கூட 2ஆம் பிரிவில் ‘தோட்டா’ என்றே கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும். எதைச் சுடப்போகிறீர்கள் என்பதும் இருக்கிறது. யானையும் காட்டெருமையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும்.

சரி, ரைஃபிளை என்ன செய்வது? லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டி, குழல்களுக்கு நடுவே உள்ள பற்று விட்டிருக்கிறதா என்று பாருங்கள். துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி வையுங்கள். அப்புறம், தாத்தாவின் பீரோவில் பழைய தோட்டாக்கள் இருந்தால் பிரித்துப் பார்க்கவே கூடாது. பழைய கார்டைட்டை நம்ப முடியாது. லைசென்ஸ் எண்ணைச் சொல்லி முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுங்கள், எங்கே எப்படி ஒப்படைப்பது என்று அவர்களே சொல்வார்கள்.