டைரி எங்கே போச்சு?

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். வீட்டுப்பாடம் முழுக்க வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. போனை வாங்கினால் திருப்பித் தருவதே இல்லை. அடுத்த வருடம் எல்லோரும் டேப் வாங்கியாக வேண்டுமாம். எதிர்த்துப் பேசினால் பையனைக் குறி வைப்பார்களோ என்று பயம். என்ன செய்யலாம்?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: சகோதரி, பையனைத் திட்டாதீர்கள். போனை அவன் கையில் கொடுத்ததே பள்ளிதான்.

என் பேத்தி வீட்டுப்பாடம் எழுதியதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டீச்சர் கரும்பலகையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதை இரண்டு விரலால் பெரிதாக்குகிறாள், ஒரு வரி எழுதுகிறாள், திரை அணைகிறது, மறுபடி திறக்கிறாள். அதற்குள் மேலே ஏதோ ஒரு மெசேஜ் எட்டிப் பார்க்கிறது. பத்து வரி எழுத முக்கால் மணி நேரம். பாடத்துக்குச் செலவானது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். அந்தப் பத்து வரியை வகுப்பிலேயே டைரியில் எழுதச் சொல்லியிருந்தால் கையெழுத்தாவது திருந்தியிருக்கும்!

இன்று முதல் ஒன்று செய்யுங்கள். குரூப்பில் வருவதை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, போனை அடுப்படிக்கு எடுத்துப் போய்விடுங்கள். முதல் வாரம் அழுவான். அழட்டும்.

டேப் விஷயத்துக்கு வருவோம். ஸ்வீடன் பள்ளிக்கூடங்களை டேப்பும் லேப்டாப்புமாக நிறைத்த நாடு. அதே நாடு 2023-ல் மீண்டும் பாடப்புத்தகம் வாங்க 68.5 கோடி குரோனா (அந்நாட்டுப் பணம்) ஒதுக்கியது. நம் ஊர் கணக்கும் இருக்கிறது. கொரோனா காலத்தில், பள்ளியே மூடிக் கிடந்தபோதுகூட, 1 முதல் 8-ம் வகுப்பு வரை நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு ஆன்லைன் வகுப்புக்கு மேல் கூடாது என்றுதான் மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020 'பிரக்யாதா' வழிகாட்டுதல் சொன்னது. பள்ளி திறந்திருக்கும்போது நான்காம் வகுப்புப் பையனுக்கு அதற்கு மேல் எதற்கு?

இதைத் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். பள்ளி வாசலில் வேன் வரக் காத்திருக்கும் அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள், பாதிப் பேர் இதே புலம்பலோடுதான் நிற்பார்கள். நாலைந்து பேராகப் போனால் உங்கள் பையன் மட்டும் தனியாகத் தெரிய மாட்டான். 'டேப் வேண்டாம்' என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். நாளைக்கு எத்தனை பீரியட் டேப்பில் நடக்கும், வீட்டுக்கு வந்தும் அதைத் திறக்க வேண்டுமா, யூடியூபும் கேமும் பூட்டியிருக்குமா என்று கேளுங்கள். அந்த ஆப்பில் பிள்ளையின் பெயர், படம், மார்க் எல்லாம் யார் கைக்குப் போகிறது என்பதையும் விடாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

வாயால் சொன்னால் 'பார்க்கிறோம்' என்பதோடு முடிந்துவிடும். 'வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதி அனுப்புங்கள்' என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நகல் ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஆபீசில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.